ஆயிரத்து நூற்றிருபத்தேழு பேரும் முப்பத்தெட்டு ஜோடிச் செருப்பும்

அதைத்தான்பா சொல்ல வர்றேன், ஆயிரத்து நூத்து இருபத்தேழு பேருன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களே, அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் போட்டோ நல்லா வந்திருக்கு. டை மட்டும் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருந்தது, அது போகட்டும். இரு, கடிதம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, முறையாகவே ஆரம்பிக்கிறேன்.

அன்புள்ள அண்ணன் மகனும், தேசியக் கூடைப்பந்து லீக்கின் சீர்திருத்தக் குழுச் செயலாளருமாகிய உனக்கு உன் அத்தை ஆசி கூறி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஆண்டவன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். சுகமா இல்லையா என்பது வியாழக்கிழமை நீ போடப்போகும் கையெழுத்தைப் பொறுத்தது. இதை இஸ்திரி மேஜையின் மேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், மேஜைக்கு ஒரு கால் குட்டை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு நாளாக எதிலும் உட்கார முடியவில்லை.

நீ இப்போது பெரிய ஆபீசில் இருப்பவன், சின்ன விஷயங்கள் மறந்திருக்கும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் மாமா இந்தக் கூடைப்பந்து அரங்கத்தின் காவலாளி. காவலாளி என்று பெயர்தான், பூட்டு, சாவி, பல்பு, கழிவறைக் குழாய், தரைக்குப் பாலிஷ் எல்லாம் அவர்தான். அரங்கத்தின் முதுகோடு ஒட்டி இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் வேலையோடு சேர்த்துக் கொடுத்தார்கள், பதினோரு வருஷமாக அதுதான் எங்கள் வீடு. நான் எங்கள் அணிப் பிள்ளைகளின் ஜெர்சியைத் துவைத்துக் கொடுக்கிறேன். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு வாயில் வராது, நம்பர்தான். நாலாம் நம்பர் கோபக்காரன், கழற்றினால் உள்பக்கம் வெளியே வரும்படிதான் எறிவான். ஏழு பகலில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், அவன் துணியில் பெட்டி ஒட்டுகிற டேப் ஒட்டிக்கொண்டு வரும். பதினொன்று டயர் கடையில் வேலை பார்ப்பவன், அவன் துண்டை மட்டும் தனி வாளியில் ஊறப்போட வேண்டும். இவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று நான் யாரையும் கேட்பதில்லை, துணி சொல்லிவிடும். தோற்ற அன்றைக்கு ஜெர்சியின் கழுத்துப் பட்டை கடிபட்டு ஈரமாக இருக்கும். பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

போன மாதம் உன் குழுவிலிருந்து எல்லா அணிக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது, கீழே உன் கையெழுத்து. லீக்கில் பன்னிரண்டு அணி இருக்கிறது, பார்க்க ஆளே வருவதில்லை, இனி முந்நூறு பேருக்குக் குறைவாகக் கூட்டம் வருகிற அணி கலைக்கப்படும், ஒவ்வோர் அரங்கத்துக்கும் ஒரு நாள் எங்கள் ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார் என்று. உன் மாமா அதை நின்ற இடத்திலேயே படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். எங்கள் அரங்கத்துக்கு வழக்கமாக வருவது தொண்ணூறு பேர். அதிலும் பதினைந்து பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். அணி கலைந்தால் அரங்கத்தைப் பூட்டுவார்கள், அரங்கத்தைப் பூட்டினால் அந்த இரண்டு அறைக்கும் பூட்டுதான். ஆனாலும் உன் மேல கோபம் வரலைப்பா, சீர்திருத்தம்ங்கறது எங்களுக்கு என்ன புதுசா.

இந்த லீக் திருந்தப் போகுதுன்னு நான் துவைக்க ஆரம்பிச்சதுலேருந்து அஞ்சு தடவை சொல்லிட்டாங்க. ஒரு தடவை லீக்குக்குப் பேர் மாத்தினாங்க. ஜெர்சி நெஞ்சுல புதுப் பேர் ஒட்டி வந்தது, முதல் துவைப்பிலேயே பாதி எழுத்து உரிஞ்சு வாளியில மிதந்தது, மிச்சப் பாதியோட பிள்ளைங்க ஒரு வருஷம் ஆடினாங்க. இன்னொரு தடவை வெள்ளை ஜெர்சியில சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்து, இதைப் பார்த்தா இளைஞர்கள் ஓடி வருவாங்கன்னாங்க. சிவப்பு ஓடி வந்தது, இளைஞர்கள் வரலை. பன்னெண்டு ஜெர்சியும் ரோஜா நிறமாயிடுச்சு, நாலாம் நம்பர் என்கிட்ட ஒரு மாசம் பேசலை. அப்புறம் டிவியில காட்டப் போறோம், அதுக்குத் தோதா இனிமே மேட்ச் புதன்கிழமை காலையில பதினோரு மணிக்குன்னாங்க. டிவிக்காரங்க ஒரே ஒரு நாள் வந்தாங்க, ஒயர் எட்டலைன்னு திரும்பிப் போயிட்டாங்க, மேட்ச் மட்டும் புதன்கிழமையிலேயே மாட்டிக்கிச்சு. வேலைக்குப் போறவன் எவன் வருவான் புதன்கிழமை காலையில? ஏழாம் நம்பரே வரலை, அவனுக்கு லீவு கொடுக்கலை. அதை மாத்தி வெள்ளிக்கிழமை, அதையும் மாத்தி ஒரு வாரம் சனிக்கிழமை ஒரு வாரம் திங்கட்கிழமை. ஒவ்வொரு தடவையும் இப்ப நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில வேற ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவங்கல்லாம் இப்ப எங்கே இருக்காங்கன்னு தெரியலை, எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அந்த நாற்காலியில நீ நிலைச்சு உட்காரணும்னுதான் நான் தினமும் வேண்டிக்கறேன், அதையும் இங்கே சொல்லிடறேன், அப்பத்தான் பின்னாடி சொல்லப் போறதுக்கு நீ என்னைத் திட்ட மாட்டே.

எனக்குத் தெரிஞ்சது ஒரே வழிதான். எங்க ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவுல போய் அழுதேன். மொத்தம் முப்பத்தெட்டு பெண்கள், தலைவி ரிட்டயரான நர்ஸ் அக்கா. எண்ணுற அன்னைக்கு எல்லாரும் வந்து உட்காருங்க, ஆளுக்கு ஏழெட்டு பேரைக் கூட்டிட்டு வாங்கன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. வந்தது அந்த முப்பத்தெட்டு பேர்தான், வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் அன்னைக்கு முதுகுவலி. எந்த அணி ஜெயிக்கணும்னு வேண்டிக்கறதுன்னு ஒரு கேள்வி வந்தது. ரெண்டு பக்கமும் யாரோ பெத்த பிள்ளைங்கதான், பொதுவா வேண்டிக்குவோம்னு நர்ஸ் அக்கா முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு அடிமனசுல கொஞ்சம் வருத்தம்தான், ஆனா அதை எப்படி வெளியே சொல்றது?

எண்ணுற நாள் வந்தது, கூடவே மழையும் வந்தது. வாசல்ல உங்க ஆபீஸ் அனுப்பின சுழல் கம்பியை நட்டு வெச்சிருந்தாங்க. இடுப்பு உயரக் கம்பி, தள்ளினா சுத்தும், சுத்தினா மேல ஒரு சின்னக் கண்ணாடியில நம்பர் ஏறும். உங்க கண்காணிப்பாளர் அதுக்கு சீல் வெச்சுட்டு, உள்ளே போய் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துட்டார். இங்கேதான் உன் மாமா குறுக்கே வந்தார். உனக்குத் தெரியும், அது மரத்தரை, அதுக்கு முந்தின நாள் பூரா முட்டி போட்டு பாலிஷ் போட்டிருந்தார், நாற்காலிக்குப் போகணும்னா அந்தத் தரையோட ஓரத்தை மிதிச்சுத்தான் போகணும். ஈரச் செருப்போட முப்பத்தெட்டு பேர் வரிசையா வர்றதைப் பார்த்ததும் அவருக்கு அணி, வீடு, லீக் எல்லாம் மறந்து போச்சு. ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டார்.

“செருப்பு வெளியே.”

அவ்வளவுதான் சொன்னார். நான் கண்ணைக் காட்டறேன், கையைக் காட்டறேன், மனுஷன் என்னைப் பார்த்தாத்தானே. முப்பத்தெட்டு ஜோடியும் கம்பிக்கு வெளியே படியில கழட்டியாச்சு.

அதுல தையல்கார அக்காவோட செருப்பு புதுசு, கடைக்கு மூணு தடவை போய் மாத்தி வாங்கினது. உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்னு எழுந்தாங்க. போய்ப் பார்த்துட்டு வந்து, இருக்கு, ஆனா பக்கத்துல ஒரு ஆள் நின்னுக்கிட்டு இருக்கான்னு சொன்னாங்க. அது ஒண்ணு போதாதா? அடுத்த நாற்காலி எழுந்தது, அதுக்கு அடுத்தது எழுந்தது, முன்வரிசை போயிட்டு வந்தா பின்வரிசை கிளம்புது. அந்த ஆள் பாவம் பஸ்ஸுக்கு நின்னவன், இத்தனை பெண்கள் மாறி மாறி வந்து முறைச்சதுல பஸ் வர்றதுக்கு முன்னாடியே நடந்து போயிட்டான். அவன் போனதும், ஏன் போனான், எதை எடுத்துட்டுப் போனான்னு மறுபடி ஒரு சுத்து. முழங்கால் வலிக்கார அக்கா செருப்பைப் பத்திக் கவலையே படலை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு அவங்க பாட்டுக்குப் போய் வந்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கம்பி இருக்கே, அதுக்கு உள்ளே வர்றதும் தெரியாது வெளியே போறதும் தெரியாது, தள்ளினா ஒண்ணு ஏறும். நான் பாதி ஆட்டத்துலதான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அறுநூத்தி நாலுன்னு இருந்தது. உள்ளே இருந்தது எங்க குழுவையும் சேர்த்து நூத்தி முப்பது பேர். சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். இதை உன்கிட்ட மறைக்கலை. ஆண்டவன்கிட்டயும் மறைக்கலை, அன்னைக்கே சொல்லிட்டேன், அவர் ஒண்ணும் சொல்லலை.

ஆட்டமும் அந்தச் செருப்பாலதான் போச்சு, அதாவது நமக்கு வந்தது. எதிரணியில தூண் மாதிரி ஒருத்தன், அவனுக்கு ஃப்ரீ த்ரோ கொடுத்தாங்க. தனியா நின்னு, யாரும் தடுக்காம, நிதானமா கூடையில போட வேண்டியது. அவன் பந்தைத் தூக்கி இப்படிப் பிடிச்சுக் கண்ணை நிமிர்த்தறான், அதுவரைக்கும் கையைக் கூப்பிக்கிட்டு அவனையே பார்த்துக்கிட்டு இருந்த பதினேழு பெண்கள் ஒருசேர எழுந்து வெளியே போறாங்க. யாருக்குத்தான் குறி தப்பாது? என்னமோ தெரிஞ்சுதான் போறாங்கன்னு நினைச்சிருப்பான். ஆட்டம் பூரா இப்படியே அஞ்சு த்ரோ தவற விட்டான். நாம ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம். நாலாம் நம்பர் ஓடி வந்து உன் மாமாவைக் கட்டிப் பிடிச்சான், அவர் அவன் ஷூவை மட்டும் பார்த்துக்கிட்டு நின்னார்.

எல்லாம் முடிஞ்சு உங்க கண்காணிப்பாளர் சீலை உடைச்சு நம்பரைப் பார்த்தார். ஆயிரத்து நூத்து இருபத்தேழு. நம்பரைப் பார்த்தார், அரங்கத்தைப் பார்த்தார், மறுபடி நம்பரைப் பார்த்தார். சரி, மாட்டிக்கிட்டோம்னு நான் முந்தானையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன். அவர் பேனாவைத் திறந்தார்.

“மெஷின் சொல்றதுதாம்மா கணக்கு. என் கண்ணால பார்த்தேன்னு எழுதினா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.”

எழுதிட்டார். ரயிலுக்கு நேரமாச்சுன்னு போயிட்டார். அன்னைக்கு நானும் உன் மாமாவும் பிழைச்சோம்டா சாமின்னு நிம்மதியாச் சாப்பிட்டோம். மறு வாரம் பேப்பர்ல, சீர்திருத்தத்தின் முதல் வெற்றின்னு உன் போட்டோவோட வந்ததும் நான் நாலு வீட்டுக்குக் காட்டினேன். அப்பவும் எனக்குப் புத்தி வரலை.

முந்தாநாள்தான் அந்த உத்தரவு வந்தது. இந்த அணிக்கு ஆயிரத்து நூத்து இருபத்தேழு பேர் வர்றாங்க, ஆனா அரங்கத்துல இருக்கை நானூறுதான், ரசிகர்கள் நெருக்கியடிச்சு நிக்க வேண்டியிருக்கு, அதனால அடுத்த பருவத்துலேருந்து அணி தலைநகரத்துல இருக்கிற பத்தாயிரம் இருக்கை அரங்கத்துக்கு மாத்தப்படுது, பழைய அரங்கம் மூடப்படும், வியாழக்கிழமை செயலாளர் கையெழுத்திட்டதும் அமலுக்கு வரும்னு. அந்தப் பெரிய அரங்கத்தைச் சுத்தம் பண்ண ஒரு கம்பெனி இருக்காம், காவலாளிக்கு இடமில்லை. ஏழாம் நம்பர் பார்சலை விட்டுட்டு அங்கே வர முடியாது, பதினொண்ணு டயர் கடையை விட்டுட்டு வர முடியாது. அணியோட பேர் மட்டும்தான் லாரி ஏறிப் போகும். உன் மாமா ரெண்டு நாளா அந்தத் தரையைக் காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை துடைக்கிறார். நேத்து பார்க்கிறேன், ஒரு கயிறை வெச்சுக்கிட்டு அலமாரியை அளக்கிறார், அப்புறம் கதவை அளக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உள்ளே வந்த அலமாரிதானே, வெளியே போகாதான்னு கேட்டேன். என்னைப் பார்க்காம, கயித்தைப் பார்த்துச் சொன்னார்.

“கூட்டம் வரலைன்னாப் போகணும்னாங்க. வந்தாலும் போகணும்ங்கறாங்க. வேற எப்படித்தான் இருக்கணும்னு கேட்டுச் சொல்லு.”

அதைத்தான்பா நான் இப்ப கேக்கறேன். நூத்தி முப்பதுன்னு உண்மையை எழுதினே, கலைச்சுடுவீங்க. ஆயிரத்து நூத்து இருபத்தேழுன்னே விட்டே, மாத்திடுவீங்க. அதனால நீ முழுப் பொய்யும் எழுத வேண்டாம், முழு உண்மையும் எழுத வேண்டாம். முந்நூறுக்கு மேல, நானூறுக்குள்ள, உன் மனசுக்குப் பட்ட ஒரு நம்பரைப் போடு. முந்நூத்தி அம்பதுன்னு போட்டா கண்ணுக்கு உறுத்தும், முந்நூத்தி நாப்பத்தாறுன்னு போடு, எண்ணின மாதிரி இருக்கும். மழைத்தண்ணி மெஷினுக்குள்ள போயிடுச்சுன்னு சொல்லு. அது நிஜமாவே போச்சு, நான் துணியால ஒத்தி எடுத்தேன். உனக்குத் தலைகுனிவா இருக்கும்னு தெரியும். வெற்றின்னு போட்டோ வந்த பத்தே நாள்ல கணக்கைக் குறைக்கிறதுன்னா சும்மாவா? உனக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவங்க யாரும் எங்கேயும் கணக்கைக் குறைச்சதில்லை, ஏத்தி ஏத்தித்தான் வெளியே போனாங்க, இதையும் யோசிச்சுப் பாரு.

இன்னொண்ணு. லீக் திருந்துமா திருந்தாதான்னு படிச்சவங்கல்லாம் பேப்பர்ல கட்டுரை எழுதறாங்க, நான் எட்டாவதோட நின்னவ, ஆனாலும் சொல்றேன். திருந்தும். எப்படிச் சொல்றேன்னா, ஆட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது முப்பத்தெட்டு பேரும் என்னைச் சுத்திக்கிட்டுக் கேட்டது ஒரே கேள்வி, அடுத்த மேட்ச் எப்போ? தையல்கார அக்கா இருக்காங்களே, நாலாம் நம்பர் எறியும்போது இடது கால் முன்னாடி போகுது, யாராவது சொல்லுங்கன்னு படியில நின்னு ஆடிக் காட்டினாங்க. பாதி நேரம் வெளியேதான் இருந்தாங்க, எப்பப் பார்த்தாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நான் போய் உன் மாமாவைக் கேட்டேன், தெரியலைன்னார். கோச்சைக் கேட்டேன், தலைமை ஆபீஸ்லேருந்து வரணும்னார். உங்க கண்காணிப்பாளரைக் கேட்டேன், அது வேற பிரிவும்மான்னார். எங்க பிரார்த்தனை இருபது வருஷமா ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணி. மழைன்னாலும் அஞ்சு மணி, பாடுறவங்களுக்குத் தொண்டை கட்டினாலும் அஞ்சு மணி. உங்களை மாதிரி வாரத்துக்கு வாரம் வேற வேற கிழமைன்னு மாத்தியிருந்தா, ஆண்டவனே ஒரு நாள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துட்டுப் போயிருப்பார். பேரை மாத்தாதே, நிறத்தை மாத்தாதே, ஊரை மாத்தாதே. ஒரு கிழமை, ஒரு நேரம், அதைப் பெரிசா எழுதி வாசல்ல ஒட்டு. அப்புறம் ஒரு வருஷம் யாரும் எதையும் சீர்திருத்தாம இருங்க. இதைக் கூட்டத்துல அத்தை சொன்னாங்கன்னு சொல்லாதே, ஏதாவது வெளிநாட்டு ஆய்வுன்னு சொல்லு.

இதை ஏழாம் நம்பர் கையில கொடுத்து அனுப்பறேன், பார்சலோட பார்சலா நாளைக்கு உன் மேஜைக்கு வந்துடும். நீ எதுல கையெழுத்துப் போட்டாலும் போடுற கையை ஆண்டவன் பிடிச்சு நடத்தட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைங்க தலையில என் கையை வெச்ச மாதிரி நீ ஒரு தடவை தடவிக் கொடு. உன் மாமா எதுவும் சொல்லச் சொல்லலை. எழுதறேன்னு தெரியும், தெரியாத மாதிரி இருக்கார்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டிட்டு ஜெர்சியைக் காயப்போடப் போனவ, ஈரத் துணியோட ஓடி வந்து பிரிச்சு எழுதறேன். மேலே சொன்னது எதையும் செய்யாதே. முந்நூத்தி நாப்பத்தாறும் வேண்டாம், மழைத்தண்ணியும் வேண்டாம், ஆயிரத்து நூத்து இருபத்தேழே இருக்கட்டும், அந்தப் பொய்யைப் பத்தி நான் ஆண்டவன்கிட்ட பேசிக்கறேன். இருக்கை நானூறுன்னு உங்க ஆபீஸ் ஃபாரத்துல எழுதிக் கொடுத்தது நான்தான். உன் மாமா அன்னைக்கு ஏணி மேல பல்பு மாத்திக்கிட்டு இருந்தார், நீயே எண்ணி எழுதுன்னார், நான் கண்ணுக்குத் தெரிஞ்ச பக்கத்தை மட்டும் எண்ணினேன். எதிர்ப்பக்கம் இருக்கிறது சுவர் இல்லைப்பா. அது மடக்கி வெச்ச மரப் பெஞ்சு, இழுத்தா படி படியா வெளியே வரும், ஆள் வராததால நாங்க வந்த நாள்லேருந்து யாரும் இழுக்கலை. நான் அதுக்குப் பின்னாடி கொடி கட்டித்தான் பதினோரு வருஷமா துணி காயப்போடறேன். அந்தக் கொடியோட ஒரு முனையைக் கட்டியிருக்கிற இரும்புத் தகட்டுல, இப்பத்தான் தூசியைத் துடைச்சுப் படிச்சேன், இந்தப் பெஞ்சுல மட்டும் எண்ணூறு இருக்கைகள்னு எழுதியிருக்கு, என்னோட நானூறையும் அதோட நீயே கூட்டிக்கோ.